சுவரில் உண்டு, நூலில் இல்லை

தமிழ் நூல் ஒன்றைக் கையில் எடுக்கும்போது முதலில் கண்ணில் படுவது ஆசிரியரின் சொல் அன்று. அச்சொல்லுக்கு யாரோ ஒருவர் வரைந்து கொடுத்த உருவம். தலைப்பெழுத்து என்கிறோம். நூல் விவரப் பக்கத்தைப் புரட்டினால் அட்டை ஓவியருக்கு ஒரு வரி இருக்கும், ஒளியச்சு செய்தவருக்கு ஒரு வரி இருக்கும், அச்சகத்துக்கு முகவரியோடு இரண்டு வரி இருக்கும். தலைப்பை வரைந்தவர் பெயர் பெரும்பாலும் இராது. ஓவியரே எழுத்தையும் வரைந்திருந்தால் அது ஓவியத்தின் கணக்கில் கரைந்துவிடுகிறது. வேறொருவர் வரைந்திருந்தால் அவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இவ்வழக்கம் மாறவேண்டும் என்பது எங்கள் கட்சி.

இதைப் பேசுவதற்கு நூலகத்தைவிடக் கச்சிராயபாளையம் போன்ற ஓர் ஊரே பொருத்தமான இடம் என்று நினைக்கிறோம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணையை ஒட்டிய ஊர். அரசு ஆவணங்களில் வடக்கனந்தல் பேரூராட்சிக்குள் அடங்கியது. கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால் அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை நிறைத்துவிடும். வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்துகளுக்கும் இதுவே வழி. இலக்கியத்துக்கும் இவ்வூருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். எழுத்தை வரைந்து பிழைக்கும் தொழில் எத்தகையது என்பதை இத்தகைய ஊர்களின் சுவர்களும் வண்டிகளும் காட்டுமளவுக்கு நம் நூல் அட்டைகள் காட்டுவதில்லை.

ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது எழுத்துகள். மலையேறும் பேருந்தின் தகரப் பலகையில் இதை அடக்கவேண்டிய பெயின்டரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ‘ரா’ என்ற இடத்தில் ரகரமும் துணைக்காலும் அருகருகே நிற்கின்றன. இரண்டுக்கும் அடிவால் ஒன்றே வேறுபாடு. இடநெருக்கடியில் எழுத்தைக் குறுக்கும்போது அந்த வால் மழுங்கினால் இரண்டு கால்கள் நிற்கும், ஊர் மாறிவிடும். பின்பாதியில் ப, ய, ம என்று இடப்பக்கம் தூணும் அடியில் படுகோடும் கொண்ட எழுத்துகளே மாறி மாறி வருகின்றன. அவற்றின் உள்வெளியைச் சமமாகப் பங்கிடாவிட்டால் தூரத்திலிருந்து வேலிக்கம்பு வரிசை போலத் தெரியும். இந்தக் கணக்கை அவர் அடிக்கோலால் போடுவதில்லை. சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டி இரண்டு கோடு அடிக்கிறார், கண்ணளவில் எழுத்துகளுக்கு இடம் ஒதுக்குகிறார், பிறகு தட்டைத் தூரிகையை எடுக்கிறார்.

இவ்வூர்ப் பெயருக்குள் ஒரு வரலாறும் ஒளிந்திருக்கிறது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தபோது உருமாறிய பதின்மூன்று எழுத்துகளுள் ‘ளை’ ஒன்று. அதற்கு முன்பு எழுத்தோடு ஒட்டிய தும்பிக்கை வடிவம். பிறகு முன்னால் தனித்து நிற்கும் ஐகாரக் குறி. அச்சுக்கோப்பவருக்கு அது ஓர் அறை மிச்சம். சுவரெழுத்தாளருக்கோ எழுத்தின் அகலம் கூடிற்று, பழைய அளவில் பலகை செய்தால் ‘ம்’ வெளியே நின்றது. தட்டச்சுப் பொறிக்கும் அச்சுக்கூடத்துக்கும் நேர்ந்த மாற்றங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். கையால் எழுதிப் பிழைத்தவர்கள் பழகிய கையை எப்படித் திருப்பிக்கொண்டார்கள் என்பதைப் பற்றி எழுதியதாகத் தெரியவில்லை.

நிற்க. இத்தொழிலின் அன்றாடம் ஒரே சீரானதன்று. காலையில் வண்டியெண் பலகை, பிற்பகலில் பள்ளிச் சுவரில் திருக்குறள், திருவிழா நெருங்கினால் உபயதாரர் பட்டியல், இறப்பு நேர்ந்தால் கல்லறைக் கல்லில் பெயரும் தேதியும். டிராக்டர் பெட்டியின் பின்பலகையில் குலதெய்வத்தின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் எழுதவேண்டும், எது பெரிதாக இருக்கவேண்டும் என்பதில் வீட்டுக்குள் நடக்கும் சச்சரவையும் அவரே தீர்த்துவைக்கவேண்டும். தேர்தல் வந்தால் சதுர அடிக் கணக்கில் கூலி. அதற்கு மாதங்கள் முன்பே கட்சியின் பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதிச் சுவரைப் பிடித்துவைக்கும் வேலையும் அவருடையதே. சுண்ணாம்பு அடித்த சுவரில், வண்ணப்பொடியோடு காய்ச்சிய வஜ்ஜிரம் கலந்து எழுதிய காலம் ஒன்று இருந்தது. எனாமல் வந்தபின் அந்த வாடை வீட்டை விட்டு நீங்கிற்று. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று தமிழகத்தில் உண்டு. அதன் கண்ணில் இவ்வெழுத்துகளுள் கணிசமானவை அழகுக்கேடு. என்ன செய்வது, எழுதச் சொன்னவர்களே சட்டமும் செய்கிறார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஃபிளக்ஸ் வந்து இத்தொழிலின் பெரும்பகுதியை விழுங்கிற்று. பலர் தூரிகையை வைத்துவிட்டு வீட்டுச் சுவருக்கு உருளையால் வண்ணம் அடிக்கப் போனார்கள். இதைச் சொல்லி ஒப்பாரி வைப்பது எங்கள் நோக்கமன்று. அதைப் பலரும் செய்துவிட்டார்கள். நாங்கள் சுட்டவிரும்புவது வேறொன்று. அச்சுவர் எழுத்துகளின் வலக்கோடியில், கீழே, விரலளவில் ஒரு பெயரும் பக்கத்தில் ‘ஆர்ட்ஸ்’ என்ற சொல்லும் இருக்கும். பின்னாட்களில் கைப்பேசி எண்ணும் சேர்ந்தது. கட்சிக்காரரும் கடைக்காரரும் அதை மறுத்ததில்லை. ஒரு மழைக்காலம் தாண்டாத எழுத்தில்கூட வரைந்தவர் தம் பெயரை வைத்தார். நூற்றாண்டு நிற்கவேண்டும் என்று நாம் ஆசைப்படும் நூலில் அந்த விரலளவு இடம் இல்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்ச் சிற்றிதழ் வாசகருக்கு எழுத்து வரைபவர் என்றால் நினைவில் எழும் முதற்பெயர் ஆதிமூலம். 1938இல் துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றி, 2008 ஜனவரியில் மறைந்தவர். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களை அறிவோம். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது உடன்வந்த சித்திரங்களையும் அறிவோம். பெரிய வண்ணத்திரைகளைக் காட்சிக்கூடங்களில் பார்த்தவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் ‘நடை’, ‘கசடதபற’ ஆகிய இதழ்களின் காலம் தொடங்கி அவர் எழுத்தாள நண்பர்களுக்கு வரைந்து கொடுத்த தலைப்பெழுத்துகளை எங்கே வைக்கிறோம்? அவரைப் பற்றிய கட்டுரைகளில் அவை பெரும்பாலும் ஒரு பத்தி, சில சமயம் ஒரு வாக்கியம். ‘நட்புக்காகச் செய்தது’ என்ற தொனியில் அந்த வாக்கியம் முடியும்.

இது தலைகீழான மதிப்பீடு. அவருடைய வண்ணத்திரைகளைப் பார்த்தவர்களைவிட அவர் எழுத்தைப் பார்த்தவர்கள் பன்மடங்கு. வார இதழ்த் தொடர்கதைகளின் தலைப்புகள் வளைவும் நெளிவும் நிழலுமாக இருந்த காலத்தில், அலங்காரத்தை உதறி, தூரிகையின் முரட்டுத்தனத்தை மறைக்காமல், கோணலும் முறிவுமாக அவர் எழுதினார். அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் ‘இது வேறு வகை எழுத்து’ என்று வாசகன் உணர்ந்தான். நவீனத் தமிழ் இலக்கியம் பொதுவாசகனின் கண்ணுக்குத் தன்னை அறிவித்துக்கொண்டது அந்தக் கோடுகளால்தான். அதனை ஓவியரின் ஓய்வுநேர வேலை என்று ஒதுக்குவது, ஒரு கவிஞரின் மொழிபெயர்ப்புகளைக் கவிதைக்குப் புறம்பானவை என்று தள்ளுவதற்கு ஒப்பாகும். அன்றாட அலுவலுக்கும் கண்காட்சிக்கும் இடையே, நண்பர் கேட்டதற்கு இணங்கி வரைந்தவை என்பதாலேயே அவை சிறியவை ஆகிவிடா. டிராக்டர் பெட்டியில் குலதெய்வத்தின் பெயரை எழுதுபவரும் கேட்டவருக்கு இணங்கித்தான் எழுதுகிறார்.

‘ஆதிமூலத்தின் எழுத்துக்குப் பெயர் எதற்கு, பார்த்தாலே தெரியுமே’ என்பார்கள். இன்று ஐம்பதைக் கடந்தவர்களுக்குத் தெரியும். அவரைப் பார்த்து அதேபோல எழுதியவர்களும் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஓர் அட்டையை எடுத்துவைத்து இது அவர் கை, இது அவரைப் போன்ற கை என்று பிரித்துச் சொல்ல யார் இருப்பார்கள்? ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பட்டியல் தயாரிப்பவர்கள் நூலில் அச்சாகியிருப்பதைத்தான் பதிவுசெய்ய முடியும். அச்சாகாத பெயரை அவர்கள் எங்கிருந்து எடுப்பார்கள்?

இன்னொரு மறுப்பு சற்றுக் கனமானது. எழுத்து தன்னைக் காட்டிக்கொள்ளக்கூடாது, சொல்லைக் காட்டிவிட்டு மறைந்துவிடவேண்டும், ஆகவே அதை வரைந்தவர் மறைந்திருப்பதே முறை என்பது. நூலின் உட்பக்க எழுத்துருவுக்கு இது பொருந்தும் என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். அங்கும்கூட நிலைமை மாறிவிட்டது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் உருவாக்கிய ‘கவிவனார்’, ‘பவனம்’ ஆகிய எழுத்துருக்கள் கூகுளின் எழுத்துருத் தொகுப்பில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. முதலாவது கையெழுத்துச் சாயல் கொண்டது. தொகுப்பின் பக்கத்தில் எழுத்துருவின் பெயரோடு அவர் பெயரும் நிற்கிறது. பல்லாயிரம் முறை பிரதியெடுக்கப்படும் கணினி எழுத்துக்கு ஆசிரியர் உண்டு என்று ஒரு வணிக நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. ஒரே ஒரு நூலுக்காக, அந்தத் தலைப்பின் ஒலியையும் பொருளையும் மனத்தில் வாங்கி வரைந்த எழுத்துக்கு ஆசிரியர் இல்லை என்று இலக்கியப் பதிப்பகம் நினைக்கிறது. விநோதம்தான்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி. மரம் நிற்கும், விற்கும், ஏற்றுமதியாகும். அதற்கு ஒரு சான்றிதழ் பொருந்துகிறது. அதே வட்டாரத்தில் சுவரில் எழுதியவருக்கு அத்தகைய மரியாதையை நாங்கள் கேட்கவில்லை. அவர் தம் மரியாதையைத் தாமே வலக்கோடியில் எழுதிக்கொண்டார். நூல் அட்டையில் எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. அட்டையின் மூலை பதிப்பகச் சின்னத்துக்கு உரியது, பின்னட்டை விலைக்கும் கோட்டுக்குறிக்கும் உரியது. எஞ்சியிருப்பது உள்ளே நூல் விவரப் பக்கம் ஒன்றே. ‘தலைப்பெழுத்து’ என்று ஒரு சொல், ஒரு முக்காற்புள்ளி, ஒரு பெயர். தாள் கூடாது, விலை ஏறாது. மறுபதிப்புகளில் பழைய எழுத்தையே பயன்படுத்தும்போதும் அந்த வரி தொடரவேண்டும். அட்டையை மாற்றிப் புது எழுத்து வரைந்தால் பழைய பதிப்பின் எழுத்து யாருடையது என்பதையும் சேர்த்துக் குறிப்பது இன்னும் நல்லது.

சிற்றிதழ் நடத்தும் நண்பர்கள் அடுத்த இதழிலேயே இதைத் தொடங்கலாம். ஆண்டுக்கணக்கில் ஒரே முகப்பெழுத்தோடு வரும் இதழ்கள் நம்மிடம் உண்டு. அதை வரைந்தவர் யார், எந்த ஊரில் இருந்து வரைந்து அனுப்பினார் என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வோர் இதழுக்கும் ஓரிருவரே இப்போது மிஞ்சியிருப்பர். அவர்களைத் தேடிக் கேட்டு எழுதிக்கொள்வது முதல் வேலை.