பணிசெயல் முறைமைக்கு விலை தகுமா?

கணினியின் வன்பொருளை ஆண்டு, ஏனைய மென்பொருள்கள் இயங்க இடமளிப்பது பணிசெயல் முறைமையாகும். விண்டோஸ் 11 இன் வீட்டுப் பாவனைப் பதிப்புக்கு உற்பத்தியாளர் குறித்த விலை 139 அமெரிக்க டொலர். மட்டக்களப்பு வாவியோரத்து மாணவன் இவ்விலையைக் கொடுத்தல் தகுமா?

“பழகிய முறைமை, அலுவலகங்களும் அதனையே வேண்டுகின்றன, ஆதலால் தகும்” என்பர் ஒரு சாரார். பழக்கம் தரத்துக்குச் சான்றாகாது. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிவுற்றது. புதிய பதிப்பு வேண்டும் பாதுகாப்புச் சில்லும் செயலியும் இல்லாத கணினிகள், பழுதின்றி இயங்கினும், தகுதியற்றனவாயின. விலை கொடுத்தவன் பெற்றது பிறர் விதித்த தவணையையே.

“களவாய் நகலெடுப்போனுக்கு விலை ஏது?” என நகைப்பாரும் உளர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதனைத் தடுக்கின்றது. அஃது ஒருபுறமிருக்க, களவு நகலும் அதே பழக்கத்திற்கே மாணவனை அடிமையாக்குகின்றது.

ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் கருவை வெளியிட்டார். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். சில அச்சுப்பொறிகள் அதனுடன் இணங்கா. சில மென்பொருள்கள் அதற்குக் கிடையா. இக்குறைகளுக்கு அலுவலகம் அஞ்சலாம், பல்கலைக்கழகம் அஞ்சலாகாது. குறையை ஆராய்ந்து களைவதன்றோ கல்வி?

வாவியில் வலை வீசுவோன் அதன் கிழிசலைத் தானே பொத்துகின்றான். வந்தாறுமூலையிற் கணினி கற்போன் மட்டும், திறந்து பார்க்கவொண்ணாப் பெட்டிக்கு விலை கொடுப்பது எற்றுக்கு?