முதலில் கடிகாரம், பிறகு மருந்து!

வீட்டுக் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்திவிட்டு, முகம் கழுவி, காப்பி குடித்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? உடனே ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். "வைரஸ் புகுந்துவிட்டது" என்பார் மாமா. "எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடு" என்பார் பக்கத்து வீட்டு அண்ணன். "பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்" என்பார் கடைக்காரர். இவர்களுள் ஒருவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் மூவரில் எவரும் அளந்து பார்க்கவில்லை!

காய்ச்சல் என்று வந்தவருக்கு வெப்பமானி வைத்துப் பார்க்காமலே மருந்து எழுதும் டாக்டரை நாம் நம்புவோமா? மாட்டோம். மெதுவாகத் தொடங்கும் கம்ப்யூட்டருக்கும் முதலில் தேவைப்படுவது பணமும் அல்ல, ஸ்க்ரூடிரைவரும் அல்ல. ஒரு கடிகாரமும் ஒரு நோட்டும் போதும். இந்தச் சோதனையைப் பெரியவர்கள் செய்யட்டும் என்று காத்திராமல் மாணவர்களாகிய நீங்களே செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். கம்ப்யூட்டர் விழித்தெழுவது மூன்று கட்டங்களில் நடக்கிறது. பொத்தானை அழுத்தியதும், பலகையிலுள்ள ஒரு சில்லில் நிலையாகப் பதிந்திருக்கும் சிறு நிரல் வேலையைத் தொடங்குகிறது. நினைவகம், விசைப்பலகை, ஹார்ட் டிஸ்க் எல்லாம் இருக்கின்றனவா என்று சரிபார்க்கிறது. தயாரித்த நிறுவனத்தின் சின்னம் திரையில் தெரிவது பெரும்பாலும் அப்போதுதான். இது முதல் கட்டம். அடுத்து, டிஸ்கிலிருந்து விண்டோஸ் படிக்கப்பட்டு நினைவகத்தில் ஏறுகிறது. கடவுச்சொல் கேட்கும் திரை வரும்வரை இது நீடிக்கும். கடவுச்சொல் கொடுத்த பிறகு, கூடவே எழுந்து வரும்படி அமைக்கப்பட்ட மற்ற நிரல்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்குகின்றன. இது மூன்றாம் கட்டம்.

தாமதம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? கேள்வி இதுதான். முதல் கட்டத்திலேயே 1 நிமிடம் போகிறது என்றால், விண்டோஸில் எதை அழித்தாலும் பயன் இல்லை. ஏன் தெரியுமா? விண்டோஸ் அப்போது தொடங்கவே இல்லை! செருகியே விட்டுவிட்ட பென் டிரைவ், தளர்ந்துபோன இணைப்பு, பழுதாகும் டிஸ்க் ஆகியவற்றைத்தான் அங்கே தேட வேண்டும். மூன்றாம் கட்டத்தில்தான் தாமதம் என்றால், புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் அதே நிரல்களை அதிலும் ஏற்றிவைத்துச் சில மாதங்களில் பழைய நிலைக்கே வரக்கூடும்.

இப்போது சோதனைக்கு வருவோம். 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். திரை அணைந்து மீண்டும் ஒளிரும் கணத்திலிருந்து மூன்று கட்டங்களின் நேரத்தையும் தனித்தனியே குறியுங்கள். சாதாரணமாக அணைத்துப் போட்டு அளக்கக் கூடாதா? 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' கொடுக்கும்போது விண்டோஸின் மையப் பகுதி டிஸ்கில் சேமித்து வைக்கப்படும் வசதி இருக்கிறது. ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே ரீஸ்டார்ட்டை ரீஸ்டார்ட்டோடுதான் ஒப்பிட வேண்டும். மும்முறை அளந்து சராசரி எடுங்கள்.

பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஆம், ஒன்றே ஒன்றுதான்! ஊசல் சோதனையில் நீளத்தையும் குண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால், அலைவு நேரம் எதனால் மாறியது என்று சொல்ல முடியுமா? இங்கும் அப்படித்தான். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதியில், கூடவே எழும் நிரல்களின் பட்டியல் இருக்கும். வைரஸ் தடுப்பைத் தொடாதீர்கள். அன்றாடம் தேவைப்படாத ஒரு நிரலை மட்டும் நிறுத்துங்கள். அது அழிந்துவிடாது; வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். மீண்டும் அளந்து பாருங்கள்.

நிரல்களைக் குறைத்தால் ஏன் வேகம் கூடுகிறது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் உள்ள ஹார்ட் டிஸ்க் நிமிடத்திற்கு 5400 முறை சுழல்கிறது. அதாவது வினாடிக்கு 90 சுற்று. வேண்டிய இடம் படிக்கும் முனையின் கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். முனையைத் தாங்கும் கை நகரவும் நேரம் ஆகும். இரண்டும் சேர்ந்து, வினாடிக்குச் சுமார் 60 இடங்களைத்தான் தேடிப் படிக்க முடியும். சிதறிக் கிடக்கும் 6000 துண்டுகளைப் படிக்க 100 வினாடி! வினாடிக்குக் கோடிக்கணக்கான கணக்குகளைப் போடும் மையச் செயலி, அத்தனை நேரமும் இந்தக் கைக்காகக் காத்திருக்கிறது. பல நிரல்கள் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் அந்தக் கை என்னதான் செய்யும்? எஸ்.எஸ்.டி. என்னும் மின்னணுச் சேமிப்பில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. நிரல்களைக் குறைத்த பிறகும் இரண்டாம் கட்டம் நீளமாகவே இருந்தால், டிஸ்கை மட்டும் மாற்றுவது பற்றி வீட்டில் பேசலாம். பெரும்பாலும் அது புதுக் கம்ப்யூட்டரின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

"ஒரே அழுத்தில் வேகமாக்குகிறோம்" என்று விளம்பரம் செய்யும் இலவச நிரல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றுள் பல, கம்ப்யூட்டரோடு தாமும் எழும்படி அமைந்தவை. பாரம் குறைக்க வந்தவரே வண்டியில் ஏறி உட்கார்ந்த கதைதான்!

"படிக்கிற பிள்ளைகளுக்கு எதற்கு இந்த வேலை? மெக்கானிக் பார்த்துக்கொள்வார்" என்று சிலர் சொல்லக்கூடும். சில வேலைகள் அவருக்கே உரியவை என்பது உண்மை. டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்று ஓசை வந்தால் சோதனையை நிறுத்திவிட்டு, முக்கியமான கோப்புகளை உடனே வேறிடத்தில் நகல் எடுங்கள். பெட்டியைத் திறப்பதும் பெரியவர் துணையின்றிக் கூடாது. ஆனால் அளப்பதற்கு மெக்கானிக் எதற்கு? அளக்காமல் முடிவெடுத்தால் இழப்பு சிறிதல்ல. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடும்போது, நகல் எடுக்காத குடும்பப் படங்களும் அக்காவின் பிராஜெக்டும் சேர்ந்தே போய்விடும். புதிது வாங்கினால் வீட்டின் சேமிப்பு கரையும்; பழையது குப்பையாகும். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

பள்ளிகளிலும் இதை ஒரு செய்முறைப் பாடமாக வைக்கலாம். ஆய்வுக்கூடத்தின் மூலையில் "மிக மெதுவு" என்று ஒதுக்கப்பட்ட கம்ப்யூட்டரைவிட நல்ல சோதனைப் பொருள் வேறு உண்டா? ஓர் அட்டவணை, மூன்று கட்டங்கள், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அவ்வளவுதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை அளந்து பாருங்கள். "எந்தக் கட்டத்தில் எத்தனை வினாடி" என்று நோட்டைக் காட்டிப் பேசும் மாணவரிடம், "புதிது வாங்குங்கள்" என்று கடைக்காரரும் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட மாட்டார்!