பெயர்ப்பட்டியலும் வாக்குறுதியும்

நுழையும்முன்

தேர்தல் காலத்தில் 'மாற்றம்' என்னும் சொல் எல்லா மேடைகளிலும் ஒலிக்கிறது. வென்ற தலைவர் ஆற்றும் முதற்பணி, தம்முடன் பணியாற்றுவோரை நியமிப்பது. அந்த நியமனங்களைக் கொண்டு அவருடைய வாக்குறுதியை எடைபோட முடியுமா? முடியுமெனில், எந்த எடைக்கல்லைக் கொண்டு? தமிழக வரலாற்றின் இரண்டு அமைச்சரவைகளை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

முதல் கையெழுத்து

புதிய அரசு ஒன்று பொறுப்பேற்கும்போது மக்கள் ஆவலுடன் எதிர்நோக்குவது அமைச்சர்களின் பெயர்ப்பட்டியலை. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி முதலமைச்சரை ஆளுநர் நியமிக்கிறார். பிற அமைச்சர்களை முதலமைச்சரின் அறிவுரைப்படி நியமிக்கிறார். எனவே, அப்பட்டியல் முதலமைச்சரின் விருப்பத்தையும் மதிப்பீட்டையும் காட்டும் முதல் ஆவணமாகிறது. மேடையில் சொன்னது சொல். பட்டியலில் இட்டது கையெழுத்து.

பட்டியல் வெளியானதும் இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். 'அதே பழைய முகங்கள்தாமே, இதிலென்ன மாற்றம்?' என்பது ஒன்று. 'அனைவரும் புதியவர்கள், இனி எல்லாம் மாறும்' என்பது மற்றொன்று. இரண்டுமே முகங்களை எண்ணுகின்றனவேயன்றி, அம்முகங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பணியை எண்ணவில்லை. ஒரு தலைவரின் நியமனங்களை மதிப்பிட மூன்று வினாக்கள் தேவை என்பது என் கருத்து. நியமிக்கப்பட்டவர் எந்தத் திசையில் செலுத்தப்படுகிறார்? இதுவரை அடைபட்டிருந்த வாசல் எதுவும் திறக்கப்பட்டதா? பணிக்குரிய கணக்கு கேட்கப்படுகிறதா?

மேலாளும் ஐந்தொகையும்

ஆளைத் தேர்ந்து பணியை ஒப்படைக்கும் கலையில் செட்டிநாட்டுக்கு நெடிய பட்டறிவு உண்டு. காரைக்குடி, தேவகோட்டை முதலிய ஊர்களின் நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா போன்ற நாடுகளில் கடைகள் நடத்தினர். முதலாளி ஊரில் இருப்பார். கடல்கடந்த கடையை அவர் நியமித்த மேலாள் நடத்துவார். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, பின்னரே மேலாளாக உயர்வார். மூன்றாண்டு என்பது பெரும்பாலும் அவருக்குரிய தவணை. தவணை முடிந்து அவர் ஊர் திரும்ப, புதிய மேலாள் பொறுப்பேற்பார். அனுப்பப்பட்டவர் எவ்வளவு நெருங்கியவராயினும் ஐந்தொகை என்னும் வரவு செலவு நிலைக்கணக்கிலிருந்து அவருக்கு விலக்கில்லை.

இம்முறையில் நாட்டு ஆட்சிக்கு ஏற்ற பாடமும் உண்டு. ஏற்காத பாடமும் உண்டு. படிப்படியாகச் சோதித்து உயர்த்துதல், காலவரையறை, கணக்குக் கேட்டல் ஆகியவை ஏற்கத்தக்கவை. ஆனால், கடைக்கு ஆள் தேடியோர் பெரும்பாலும் உறவு வட்டத்துக்குள்ளேயே தேடினர். தம் பணத்தைத் தம்மவரிடம் ஒப்படைப்பது தனிமனிதர் உரிமை. அரசின் கருவூலமோ அனைவருக்கும் உரியது. அங்கே உறவு தகுதியாகிவிடக் கூடாது. திருக்குறளின் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒருவரின் குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே ஆராய்ந்து மிகுதி எதுவெனக் காணவேண்டும். அன்பு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு அறிவற்றவரைத் தெளிவது பேதைமை. ஆராய்ந்து தெளிந்தபின் பணியை அவரிடமே விட்டுவிட வேண்டும். இவை வள்ளுவர் காட்டும் நெறிகள்.

பழைய முகங்கள், புதிய திசை

1953ஆம் ஆண்டு, முதலமைச்சர் இராஜாஜியின் அரசு ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் புதிய கல்வித் திட்டமொன்றை அறிமுகப்படுத்தியது. குழந்தைகள் நாளின் ஒரு பகுதி மட்டும் பள்ளியில் பயில்வர். எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்பர். குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர்கள் அதனை அழைத்தனர். குயவர் மகன் குயவராகவும் வண்ணார் மகள் வண்ணாராகவுமே வாழ வேண்டுமா என்னும் வினா தமிழகமெங்கும் எழுந்தது. காங்கிரசுக் கட்சிக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. இராஜாஜி பதவி விலக, 1954 ஏப்ரல் 13ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார்.

அவர் பொதுத்தேர்தலைச் சந்தித்து அப்பொறுப்புக்கு வரவில்லை. ஆயினும், அவரிடம் நாடு எதிர்பார்த்த மாற்றம் தெளிவானது. அந்நிலையில் அவர் அமைத்த அமைச்சரவையைக் கண்டு பலர் வியந்திருக்கக்கூடும். அவரையும் சேர்த்து அமைச்சர்கள் எண்மர். மற்ற எழுவரில் ஏ. பி. ஷெட்டி, சி. சுப்பிரமணியம், எம். ஏ. மாணிக்கவேலர், சண்முக இராஜேசுவர சேதுபதி ஆகிய நால்வர் இராஜாஜியின் அமைச்சரவையில் இருந்தவர்கள். கட்சித் தலைமைக்கு நடந்த தேர்தலில் காமராசரை எதிர்த்துப் போட்டியிட்டவர் சி. சுப்பிரமணியம், அவருக்கு ஆதரவாக நின்றவர் பக்தவத்சலம். இருவரும் அமைச்சர்களாயினர். சேதுபதியோ நம் செட்டிநாட்டை உள்ளடக்கிய அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் பழைய அரச குடும்பத்தவர். முகங்களை மட்டும் எண்ணியவர்க்கு இது மாற்றமாகத் தோன்றியிராது.

ஆனால், நிகழ்ந்தது என்ன? கல்வித்துறையைக் காமராசர் சி. சுப்பிரமணியத்திடமே ஒப்படைத்தார். திட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தவரே, 1954 மே 18ஆம் நாள் அத்திட்டம் கைவிடப்படுவதை அறிவித்தார். ஆள் மாறவில்லை, ஆணை மாறியது. துறையின் நுணுக்கம் அறிந்தவரின் திறனை இழக்காமலேயே திசையை மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு இது சான்று. அடுத்த சில ஆண்டுகளில் பள்ளிகள் பெருகின. மதிய உணவுத் திட்டமும் விரிந்தது.

அதே பட்டியலில் மற்றொரு பெயரும் இருந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பரமேசுவரனிடம் இந்து சமய அறநிலையத் துறை ஒப்படைக்கப்பட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் முதன்முதலாக அழைத்துச் செல்லப்பட்டது 1939இல். அதன்பின் பதினைந்தே ஆண்டுகளில், அச்சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் கோயில்களின் நிருவாகத்தை மேற்பார்வையிடும் அமைச்சரானார். எந்த வாசல் அடைக்கப்பட்டதோ, அந்த வாசலின் பொறுப்பே ஒப்படைக்கப்பட்டது. ஒரு நியமனம் நூறு மேடைப்பேச்சுக்கு ஈடாவது இத்தகைய இடத்தில்தான்.

குறையையும் மறைத்தலாகாது. அந்த எண்மருள் ஒருவர்கூடப் பெண் இல்லை.

புதிய முகங்கள், பழைய கருவூலம்

1967ஆம் ஆண்டின் மாற்றம் வேறு வகையானது. விடுதலைக்குப் பின்னர் இருபதாண்டுகள் தொடர்ந்த காங்கிரசு ஆட்சி தேர்தலில் வீழ்ந்தது. மார்ச் 6ஆம் நாள் அண்ணா தலைமையில் ஒன்பதுபேர் கொண்ட அமைச்சரவை பொறுப்பேற்றது. நெடுஞ்செழியன், கருணாநிதி, மதியழகன், கோவிந்தசாமி, சத்தியவாணி முத்து, மாதவன், சாதிக் பாட்சா, முத்துசாமி ஆகியோர் பிற எண்மர். அவர்களுள் எவரும் அதற்குமுன் அமைச்சராக இருந்ததில்லை. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் ஒருவரும் சிறுபான்மைச் சமயத்தவர் ஒருவரும் அப்பட்டியலில் இடம்பெற்றனர். இன்றைய சிவகங்கை மாவட்டப் பகுதியைச் சேர்ந்த செ. மாதவன் சட்ட அமைச்சரானார். முகங்கள் புதியனவாக வேண்டும் என்போர் இதனினும் நிறைவான பட்டியலைக் கேட்க இயலாது.

வாக்குறுதிகள் என்னவாயின? சமயச் சடங்கின்றி நிகழ்ந்த சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்கும் சட்டத்திருத்தம் 1967இல் நிறைவேறியது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயர் சூட்டும் தீர்மானம் அதே ஆண்டு சூலைத் திங்களில் நிறைவேறியது. 1968 சனவரியில் இருமொழிக் கொள்கைக்கான தீர்மானம் வந்தது. ஆண்டுக்கணக்கில் அக்கொள்கைகளைப் பேசியும் எழுதியும் வந்தவர்களே அமைச்சர்களாக இருந்தமையால் அவை தயக்கமின்றி நிறைவேறின.

ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் வாக்குறுதியோ அவ்வாறு அமையவில்லை. மூன்று படி இலட்சியமாகவும் ஒரு படி உறுதியாகவும் முன்வைக்கப்பட்ட அத்திட்டம், சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி என்ற அளவில் தொடங்கியது. மாநிலம் முழுவதும் விரிவடையவில்லை. உறுதியின்மையை இதற்குக் காரணமாகக் கூற இயலாது. நெல்லின் இருப்பும் கருவூலத்தின் பணமும் அமைச்சர்களோடு மாறிவிடுவன அல்ல. கொள்கை உறுதியால் முடியும் மாற்றங்களுக்குப் புதிய முகங்கள் வலிமை சேர்க்கின்றன. பொருளும் நிருவாகமும் வேண்டும் மாற்றங்களுக்கு முகத்தின் புதுமை மட்டும் போதுவதில்லை. வாக்குறுதி அளிக்கும்போதே இந்த வேறுபாட்டை மக்களிடம் எடுத்துரைப்பது தலைவரின் கடமை. கேட்டறிவது வாக்காளரின் கடமை.

இருக்கையும் அதிகாரமும்

இவ்வினாக்கள் தமிழகத்துக்கு மட்டும் உரியன அல்ல. 2008ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் மாற்றம் என்பதனையே முழக்கமாகக் கொண்டு வென்றவர் பராக் ஒபாமா. அவர் முந்தைய அரசின் பாதுகாப்பு அமைச்சர் இராபர்ட் கேட்சைத் தொடரச் செய்தார். உட்கட்சிப் போட்டியில் தம்மை எதிர்த்த இலாரி கிளிண்டனை வெளியுறவு அமைச்சராக்கினார். மாற்றத்தை எதிர்பார்த்தோர் அங்கும் ஐயுற்றனர். பட்டறிவு உடையோரை இழக்கலாகாது என்னும் வாதமும், பழையோர் பழைய வழியிலேயே செல்வர் என்னும் வாதமும் எந்நாட்டுக்கும் பொதுவானவை. இரண்டாவது வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. திசையைத் தலைவர் தெளிவாக வகுக்காவிடில், பட்டறிவு பழக்கமாகச் சுருங்கிவிடும்.

வாசல் திறந்தால் மட்டும் போதுமா என்பதும் எண்ணத்தக்கது. விடுதலை இந்தியாவின் முதல் அமைச்சரவையில், காங்கிரசைக் கடுமையாக விமரிசித்து வந்த அம்பேத்கர் சட்ட அமைச்சரானார். இந்துப் பெண்களுக்குச் சொத்துரிமை முதலியவற்றை வழங்க முனைந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா தடைப்பட்டபோது, 1951இல் அவர் பதவி விலகினார். 1967இல் அமைச்சரான சத்தியவாணி முத்து, ஒடுக்கப்பட்டோர்க்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்று கூறி 1974இல் கட்சியைவிட்டே விலகினார். இருவரும் உணர்த்துவது ஒன்றே: இருக்கை அளிப்பது தொடக்கம், அவ்விருக்கையில் அமர்ந்தவர் சொல் செயலாவதே நிறைவு. பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்துவிட்டு அவர் கேட்டதை மறுப்பது, வாசலைத் திறந்து உள்ளறையைப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

கணக்குக் கேட்கும் மரபு

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பொ.ஆ. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்த விதிகளை அவை விளக்குகின்றன. அண்மைய மூன்றாண்டுகளில் பொறுப்பு வகித்தவர் மீண்டும் வரக் கூடாது. பொறுப்பு வகித்தபோது கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியிழப்பர். கணக்குக் கேட்பதில் அவ்விதிகள் மிகக் கடுமையானவை. அதே விதிகள் சொந்த நிலம் உடையோர்க்கே வாசலைத் திறந்தன. பெரும்பான்மை மக்கள் வெளியே நின்றனர். கணக்கு இருந்தது, வாசல் குறுகியிருந்தது.

இன்று வாசல் அகன்றிருக்கிறது. பதினெட்டு வயது நிறைந்த எவரும் வாக்களிக்கலாம். அமைச்சர்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. 2003ஆம் ஆண்டின் 91ஆவது அரசமைப்புத் திருத்தம், முதலமைச்சர் உட்பட அமைச்சர்கள் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்கிறது. 234 உறுப்பினர் கொண்ட தமிழகத்தில் அது 35 பேர். ஆதரவாளர் அனைவருக்கும் பதவி வழங்கும் ஆசைக்கு இவ்வாறு சட்டம் வேலியிட்டுள்ளது. ஆனால், தகுதியையும் திசையையும் எந்தச் சட்டத் திருத்தத்தாலும் வரையறுக்க இயலாது. அவற்றை மக்களின் கண்காணிப்பே காக்க வேண்டும்.

நம் கையிலுள்ள வினாக்கள்

இப்பாடத்தைப் பயிலும் உங்களுள் பலர் அடுத்த தேர்தலில் வாக்காளர்கள். புதிய அமைச்சரவைப் பட்டியல் வெளிவரும் நாளில், விரும்பிய பெயர் இருப்பின் மகிழ்வதும் வெறுத்த பெயர் இருப்பின் சினப்பதும் இயல்பு. அத்துடன் நின்றுவிடாதீர்கள். வாக்குறுதிகளை ஒரு பக்கத்திலும், அவற்றுக்குரிய துறைகளை யார் ஏற்றார் என்பதை மறுபக்கத்திலும் எழுதிவையுங்கள். ஓராண்டு கழித்து அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். பழையவர் புதிய பணியைச் செய்திருந்தால், அது மாற்றமே. புதியவர் பழைய பணியையே தொடர்ந்திருந்தால், அது வெறும் இடமாற்றம்.

தலைவர் ஒருவர் தம் வாக்குறுதியைக் காத்தாரா என்னும் வினாவுக்கு அவர் பதவியேற்ற நாளில் முழு விடை கிடைப்பதில்லை. அவர் யாரை நியமித்தார் என்பது முதல் வரி. நியமித்தவரிடம் என்ன கேட்டார் என்பது அடுத்த வரி. அவ்விருவரிடமும் நாம் என்ன கேட்டோம் என்பதும் அந்தக் கணக்கில் சேரும்.