நாடகத்தைக் கைவிடலாமா?

“ஆண்டு விழாவில் இனி முழு நாடகம் வேண்டாம், பாட்டும் நடனமும் போதும். ஒத்திகைக்கு யாருக்கு நேரம் இருக்கிறது?” என்று நம் மன்றக் கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. சென்ற ஆண்டாயின் நானும் அதற்குக் கை தூக்கியிருப்பேன். இன்று என்னால் முடியாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஊரில் பள்ளி மேடையில் கட்டபொம்மன் வேடமிட்டுக் கர்ஜித்தவன் நான். பிறகு மார்க்கு வேட்டை வந்தது, நாடகம் போயிற்று. தில்லிக்கு வந்து இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அடைந்த பின் அந்த ஆசை செத்தே விட்டது என்று எண்ணியிருந்தேன். இவ்வாண்டு ஆள் போதாமையால் என்னைப் பிடித்திழுத்து, பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யில் வேலைக்காரன் வேடம் தந்தார்கள். எசமானுக்கும் சபாபதி என்றே பெயர். வேலைக்காரனோ சுத்த அசடு.

முதல் வாரம் என் நடிப்பு படுமோசம். ஆய்வுக்கூடத்தில் விளங்காததற்கும் விளங்கியதுபோல் தலையாட்டிப் பழகியவன் அல்லவா? அந்தத் தலை மேடையிலும் அறிவாளியைப் போலவே ஆடியது! “அசடனுக்குத் தான் அசடன் என்பது தெரியாது, தம்பி. எசமான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேள், போதும்” என்றார் எங்களைப் பழக்கிய மூத்த மாணவர். கேட்டேன். அன்றுதான் நடிப்பு வந்தது. விழா இரவில் அரங்கம் குலுங்கிச் சிரித்தபோது, பள்ளி மேடையில் விட்டுவந்த மகிழ்ச்சி அப்படியே திரும்பி வந்தது. மறுவாரம் என் பேராசிரியரிடம், “ஐயா, இது எனக்கு விளங்கவில்லை” என்று முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அசடனாக நின்று பழகியதன் பயன் அது.

நேரமில்லை என்போருக்கு ஒரு சொல். 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது பம்மலாருக்கு வயது 18. பின்னர் வக்கீலாகவும் நீதிபதியாகவும் பணியாற்றிய அவர் நாடகத்தை விடவில்லை. தேசத் தொண்டில் ஓய்வறியாத சத்தியமூர்த்தியும் அச்சபையின் மேடையில் நடித்தவரே. நம் வேலை அவர்களுடையதைவிடப் பெரிதா?

பாட்டும் நடனமும் இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் வேதியியல் மாணவனும் பொருளாதார மாணவியும் மாலைதோறும் ஒருவர் பேச்சை ஒருவர் செவிசாய்த்துக் கேட்க, நாடக ஒத்திகையை விட்டால் இவ்வூரில் நமக்கு வேறு இடம் ஏது?

அடுத்த கூட்டத்தில் என் கை நாடகத்துக்கே உயரும். வேடமும் கொடுத்தால் மறுக்கமாட்டேன். அசடன் வேடமாயின் மிக்க நன்று!