கோலுக்குக் கணக்கில்லையாம்! கணக்கை மறுத்தவர் யார்?

லில்லி பார் என்ற அம்மையார் தம் வாழ்நாளில் எத்தனை கோல் போட்டார் என்று கேட்டால், ஒருவர் 900 என்பார். மற்றொருவர் 980 என்பார். மூன்றாமவர், ஆயிரத்தைத் தொட்டிருக்கும் என்பார். நான்காமவர் ஒருவர் இருக்கிறாரே, அவர்தான் நமக்கு வேண்டியவர்! மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உதட்டைப் பிதுக்கி, "ஆதாரம் உண்டோ? சங்கத்தின் ஏட்டிலே பதிவு உண்டோ? இல்லாதபோது எப்படி ஏற்பது?" என்பார்.

நியாயமான கேள்விதான். ஏடு இல்லாமல் எண்ணிக்கை ஏது? ஆனால், ஏடு ஏன் இல்லாமற் போயிற்று என்பதை மட்டும் அந்த மேதாவி கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கும் பதில் சங்கடமானது. அவர் கேட்காததை நாம் கேட்போம்.

இங்கிலாந்திலே, லங்காஷயர் வட்டாரத்திலே, பிரஸ்டன் என்றோர் ஆலை நகரம். அங்கே டிக் கெர் என்ற தொழிற்சாலை. முதல் உலகப் போர் மூண்டது. ஆடவர் போர்முனைக்குப் போயினர். ஆலைக்குப் பெண்கள் வந்தனர். குண்டு செய்தனர், வெடிமருந்தோடு உறவாடினர். "பெண்ணின் மென்மையான உடல் தாங்குமா?" என்று அன்று எந்தக் கனவானும் கவலைப்படவில்லை! எந்த மருத்துவரும் நாடி பிடித்துப் பார்த்து எச்சரிக்கவில்லை! வேலை நடக்கவேண்டும், அவ்வளவே.

அந்தப் பெண்கள் ஓய்வு வேளையிலே பந்தை உதைத்தனர். 1917-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, பிரஸ்டனின் டீப்டேல் திடலில், இன்னொரு ஆலைப் பெண்களோடு மோதினர். காயம்பட்ட போர்வீரர்களின் மருத்துவமனைக்கு நிதி திரட்ட நடந்த ஆட்டம் அது. 10,000 பேர் காண வந்தனர். டிக் கெர் அணி 4-0 என்று வென்றது.

மூன்றே ஆண்டுகள் கழிந்தன. 1920 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையிலே, லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் திடலில் அதே டிக் கெர் அணி ஆடியது. உள்ளே 53,000 பேர்! இடமில்லாமல் வாயிலிலே நின்று திரும்பியோர் இன்னும் பல்லாயிரவர்! ஆடியவர்கள் கோமகள்களா, கோடீசுவரிகளா? இல்லை. ஆட்டத்துக்குச் செலவுப் படியாகப் பத்து ஷில்லிங் பெற்றுக்கொண்ட ஆலைத் தொழிலாளப் பெண்கள்.

அந்த 1920-ஆம் ஆண்டிலேதான் லில்லி பார் அணிக்கு வந்தார். செயின்ட் ஹெலன்ஸ் நகரத்துப் பெண். கண்ணாடித் தொழிற்சாலையில் கூலி வேலை பார்த்தவரின் மகள். வயது 15 நிரம்பியும் நிரம்பாத பருவம். அண்ணன் தம்பிகளோடு தெருவிலே உதைத்துப் பழகிய கால். இடது விங்கிலே நின்றார். முதல் பருவத்திலேயே 43 கோல் என்கிறது ஒரு கணக்கு. அவர் உதைத்த பந்தைத் தடுக்கப் போன ஆண் கோல் கீப்பர் ஒருவரின் கையே ஒடிந்தது என்று ஒரு கதை உண்டு. படியோடு வுட்பைன் சிகரெட்டும் சேர்த்துக் கேட்டாராம் என்று இன்னொரு கதை. கதைகளை விடுங்கள், கதை கட்டும் அளவுக்கு ஊர் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

1921 பிறந்தது. சுரங்க முதலாளிகள் கதவை அடைத்தனர். நிலக்கரித் தொழிலாளர் வீடுகளிலே அடுப்பு அணைந்தது. பெண்கள் ஆடிய ஆட்டங்களின் வசூல் அந்தக் குடும்பங்களுக்கும் போயிற்று. போர்வீரனுக்குப் பணம் போனபோது கைதட்டிய கனதனவான்கள், சுரங்கத் தொழிலாளிக்குப் போனபோது முகஞ்சுளித்தார்கள் என்று எழுதுகிற வரலாற்றாசிரியர்கள் உண்டு. அது மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் காலம் ஒத்துப்போகிறதே, அது கண்ணில் படாமல் போகுமா?

1921 டிசம்பர் 5. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் கூடியது, தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டமே அல்ல, அதை ஊக்குவிக்கலாகாது என்றது. வசூலில் அளவுக்கு மிஞ்சிய பங்கு செலவுக்குப் போகிறது, தருமத்துக்குப் போதிய பங்கு போவதில்லை என்று குற்றம் வேறு சாட்டியது. சங்கத்தில் சேர்ந்த மன்றம் எதுவும் பெண்களுக்குத் திடல் தரலாகாது என்று கேட்டுக்கொண்டது. மருத்துவர் சிலர் ஒத்து ஊதினர். வெடிமருந்தைத் தாங்கிய உடல், தோல் பந்தைத் தாங்காதாம்!

தீர்மானம் என்ற பெயரிலே அன்று போடப்பட்டது பூட்டு. அந்த நாளில் இங்கிலாந்திலே 150 வரை பெண்கள் அணிகள் இருந்தன. தடை 1971 வரை நீடித்தது, ஐம்பது ஆண்டுகள்!

பூட்டு போட்டவர்கள் திடலை மட்டுமா பறித்தார்கள்? திடலோடு சேர்ந்து லீக் போயிற்று. லீக்கோடு பட்டியல் போயிற்று. பட்டியலோடு கோல் கணக்கும் போயிற்று. ஒரு கோல் ஏட்டிலே ஏறவேண்டுமானால், அங்கீகாரம் பெற்ற போட்டி வேண்டும், அதை எழுதி வைக்க ஓர் அலுவலகம் வேண்டும். இவற்றையெல்லாம் எவர் கையில் வைத்திருந்தாரோ, அவரே மறுத்தார். மறுத்தவரின் ஏட்டிலே பெயரில்லை என்பதை, அந்தப் பெண்ணுக்கு எதிரான சான்றாக நீட்டுவது என்ன வழக்கு? வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பிலே செருகிக்கொண்டு, "உள்ளே ஏன் வரவில்லை?" என்று கேட்கிற வழக்கு!

லில்லி பார் நிற்கவில்லை. பூங்காக்களிலே, சங்கத்தில் சேராத திடல்களிலே ஆடினார். மனநோய் மருத்துவமனையிலே செவிலியாக வேலை. விடுப்பு நாளிலே ஆட்டம். 1926-இல் அணியின் பெயர் பிரஸ்டன் லேடீஸ் என்று மாறியது, அவர் மாறவில்லை. 1951 வரை ஆடினார். 31 ஆண்டுகள்! 1978-இல் மறைந்தார்.

"எதிரே நின்ற அணிகள் சொத்தை அணிகள், தரும நிதி ஆட்டம், அதிலே போட்ட கோலுக்கு என்ன மதிப்பு?" என்று இன்னொரு வாதம் வரும். எல்லா எதிரணியும் வலுவானது என்று நாமும் சொல்லமாட்டோம். ஆனால் எதிரணி எப்படி வலுப்பெறும்? திடல் வேண்டாமா, பயிற்சி வேண்டாமா, பணம் வேண்டாமா? 150 அணிகளின் கழுத்தை நெரித்துவிட்டு, மிஞ்சிய அணி மெலிந்திருக்கிறது என்று ஏளனம் செய்வதா?

இந்த வரலாற்றிலே ஒரு வேடிக்கை உண்டு. 1922-இல் டிக் கெர் அணி கப்பலேறிக் கனடாவுக்குச் சென்றது. கனடா நாட்டுக் கால்பந்துச் சங்கமும் தாய்ச் சங்கத்தின் வழியே நடந்து, ஆட அனுமதி மறுத்தது. அணி அமெரிக்காவுக்குப் போய், ஆண்கள் அணிகளோடு ஆடித் திரும்பியது.

அதே கனடாவிலே, 1983-இல், பர்னபி நகரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கிறிஸ்டின் சின்கிளேர். 16 வயதில், 2000-ஆம் ஆண்டு, நாட்டுக்காக ஆடத் தொடங்கினார். நாடுகளுக்கிடையிலான ஆட்டத்தில் அதிகக் கோல் போட்ட பெண் என்ற பெருமை அமெரிக்காவின் மியா ஹாமிடம் 158 கோலோடு இருந்தது. 2013-இல் அதை அபி வாம்பாக் தாண்டி 184 வரை கொண்டுபோனார். 2020 ஜனவரி 29 அன்று சின்கிளேர் 185-ஆவது கோலைப் போட்டார். அந்த நாளில் ஆண்கள் பிரிவின் உச்சம் 109! 2021-இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற கனடிய அணிக்கும் அவரே தலைவர். 2023 டிசம்பரில் நாட்டின் அணியிலிருந்து ஓய்வு பெற்றபோது கணக்கு 190.

அந்த 190-ல் ஒவ்வொன்றுக்கும் நாள் உண்டு, ஊர் உண்டு, எதிரணி உண்டு, நிமிடம் உண்டு. எவரும் உதட்டைப் பிதுக்க முடியாது. ஏன்? சின்கிளேரின் கால் லில்லியின் காலைவிட நேர்மையானதா? இல்லை, சின்கிளேர் ஆடியபோது எழுதுகிறவர் எழுத மறுக்கவில்லை, அவ்வளவே.

2002-இல் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் தன் புகழ் மண்டபத்திலே லில்லி பாரைச் சேர்த்தது. அங்கே இடம்பெற்ற முதல் பெண் அவரே. 2019-இல் மான்செஸ்டர் நகரிலே அந்த அருங்காட்சியகத்தில் சிலையும் வைத்தார்கள். மகிழ்ச்சி! சிலை வைத்தால் போதுமா? உலகிலே அதிகக் கோல் போட்டோர் என்று பட்டியல் போடுகிறவர்கள் இன்றும் ஆண்களின் பெயரை அடுக்கிவிட்டு, லில்லி பாருக்கு வரும்போது பேனாவை மூடிவிடுகிறார்களே!

நாம் கேட்பது பெரிதல்ல. பெயரைப் போடட்டும். எண்ணுக்குப் பக்கத்திலே ஐயக்குறி போடுவதானால் அதையும் போடட்டும். ஐயக்குறிக்குக் கீழே ஒரு வரி மட்டும் சேர்க்கட்டும்: சங்கம் திடலைப் பூட்டி வைத்திருந்த காலம், 1921 முதல் 1971 வரை. இதற்கு ஆதாரம் உண்டோ என்று அந்த மூக்குக் கண்ணாடிக்காரர் கேட்டால், தேடி அலைய வேண்டியதில்லை. தேதியோடு, சங்கத்தின் தீர்மானத்திலேயே இருக்கிறது. அதை மட்டும் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார்கள்.