மண்ணுக்கு ஆணையிடலாமோ?

வர்த்தமானியில் ஓர் அறிவித்தல் வெளியிட்டால் மண்ணும் பணிந்துவிடும் என நம்பிய ஆட்சியை இந்நாடு 2021ஆம் ஆண்டிற் கண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீங்கியது. அடுத்து வந்த பெரும்போக அறுவடையில் நெல் விளைச்சல் வீழ்ந்தது. சனாதிபதி கோத்தாபய ராஜபக்ச 2022 யூலையிற் பதவி துறந்தார். கமக்காரனோ பட்ட கடனோடு வயலிலேயே நின்றான். "சேதன விவசாயம் தோற்றது" என்று சிலர் கைகொட்டினர். நாம் வினவுகின்றோம்: தோற்றது சேதன விவசாயமா, அதன் பெயரால் நடந்த அவசரமா?

மண் வெறும் புழுதியன்று. கண்ணுக்குப் புலப்படாத பற்றீரியாக்களும் பங்கசுகளும் அதனுள் கோடானுகோடியாய் வாழ்கின்றன. இலைதழையை உக்கச்செய்து பயிருக்கு ஊட்டுபவை அவையே. நைதரசன் குறைந்த வைக்கோலைத் திடீரெனக் கொட்டினால், அந்நுண்ணங்கிகள் மண்ணிலுள்ள நைதரசனைத் தம் வளர்ச்சிக்கே முதலில் எடுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளித்து நிற்கும். நலிந்த மண் மீண்டும் உயிர்பெறப் பருவங்கள் பல செல்லும். எந்த அமைச்சரவையின் தீர்மானமும் இவ்வியற்கையை மாற்றாது.

வரக்காப்பொலைச் சரிவுகளின் இறப்பர் நிலங்களை எண்ணிப் பாருங்கள். மறுநடுகைக்காக மரம் வீழ்த்தியதும் நிலம் வெறுமையாகிறது. பெருமழை மேல்மண்ணையும் அதில் வாழும் உயிர்களையும் வாரிச் செல்கிறது. கன்றுகளுக்கிடையே பியூரேரியா என்னும் மூடுபயிரை வளர்த்தால் மண் தங்கும். அதன் வேர்முடிச்சிலுள்ள றைசோபியம் காற்றின் நைதரசனை மண்ணுக்குச் சேர்க்கும். நோயுற்ற அடிக்கட்டைகளை அகற்றாது விட்டாலோ, வெண்வேர் நோய்ப் பங்கசு அவற்றிலே தங்கிப் புதுக்கன்றைக் கொல்லும். இவ்வழிகள் தோட்டங்கள் அறியாதவையல்ல. ஆளும் நாளும் பணமும் அன்றோ வேண்டும்!

இறப்பர் பால் தர ஆறேழு ஆண்டுகள் செல்லும் என்பதை உணர்ந்தே 1953இல் மறுநடுகை மானியச் சட்டம் இயற்றப்பட்டது. மரத்தின் காலத்தை மதிக்கத் தெரிந்த அரசுக்கு மண்ணின் காலத்தை மதிக்கத் தெரியாதா?

ஆகவே நாம் கோருவது இது: இரசாயனப் பசளையைப் படிப்படியாகக் குறையுங்கள். மண்ணைச் சோதித்து வழிகாட்டுங்கள். மண் தேறும்வரை சிறு நிலக்காரருக்கு ஆண்டுதோறும் மானியம் கொடுங்கள். தலைமுறை தலைமுறையாய்ப் பால் வெட்டியும் காணியற்றிருக்கும் தொழிலாளிக்கு நிலவுரிமை வழங்குங்கள். நாளை தனதென்று அறிந்தவனே மண்ணுக்காகக் காத்திருப்பான்.

கற்றோரே, கமக்காரரே! மண் ஆணைக்கு அடங்காது. பொறுமையோடு பேணுவோர்க்கே பலன் தரும்.