இயந்திரம் பிரிக்குங் கையும் அளக்குங் கண்ணும்

மோட்டார் வண்டியின் இயந்திரத்தை வீட்டுக் கொட்டிலிலே பிரித்து, பிஸ்டன், றிங், வால்வு முதலிய உள்ளுறுப்புகளை மாற்றி, முன்னிலும் வலிமையுடையதாக ஆக்க முனையும் இளைஞர் இன்று நம் ஊர்களிற் பலராவர். இவர்களைப் பற்றி இருவகைக் கருத்து நிலவுகின்றது. படிக்க வேண்டிய பிள்ளைக்கு எண்ணெய்க்கறை எதற்கு என்பர் ஒரு சாரார். அநுபவமே ஆசான், ஏடு வேண்டா என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டுங் குறையுடையன என்பதே நமது துணிபு.

முதலாவது கூற்றை நோக்குவாம். 2020ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி மீண்டுந் திறந்தது 2025ஆம் ஆண்டிலேதான். இடைப்பட்ட காலத்தில் உள்ள வண்டிகளைக் கொண்டே நாடு ஓடிற்று. அவற்றை ஓடச் செய்தவை எண்ணெய்க்கறை படிந்த கைகளே. ஒலுவிற் கரையிலே தோணியின் இயந்திரம் நின்றால் ஒரு குடும்பத்தின் அடுப்பும் நிற்கும். அயலிலுள்ள வயல்களில் உழவு இயந்திரம் நின்றால் பருவம் காத்திராது. அங்கே இயந்திரம் பிரிக்கத் தெரிந்தவன் வைத்தியனுக்கு ஒப்பாவான்.

1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்ட காலத்தை நம்மிற் பலர் மறந்திரார். ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் அங்கு மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலிட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயை விட்டனர். அப்பழைய இயந்திரங்களின் அமுக்க விகிதம் ஏழுக்கொன்று என்னும் அளவினதாய்க் குறைந்திருந்தமையாலேயே இது கைகூடிற்று. விகிதம் மிகுந்த புதிய இயந்திரமாயின், மண்ணெண்ணெய் காலமல்லாக் காலத்தில் வெடித்துப் பிஸ்டனைச் சிதைத்திருக்கும். அவ்வாறு ஓடியவற்றிலும், எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைக் கடந்து கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்து, தாங்கிகளைத் தேய்த்தது. கையறிவு ஊரைக் காத்தது; எனினும் அதற்குரிய விலையை இயந்திரம் இறுத்தது.

இங்குதான் இரண்டாவது கூற்றின் குறை வெளிப்படுகின்றது. இயந்திரம் ஒரு குடும்பம் போன்றது. ஓர் உறுப்பை வலிதாக்கினால் ஏனையவை அப்பாரத்தைச் சுமக்க வேண்டும். சிலிண்டர்த் தலையைச் சீவி அமுக்கத்தை உயர்த்தினால், 92 ஒக்ரேன் பெற்றோல் போதாமற் போகலாம். சுழற்சி வேகத்தை இருமடங்காக்கினால், பிஸ்டனை ஏந்தும் தண்டின்மீது இயக்கத்தால் விழும் விசை நான்கு மடங்காகும். அடித்துருவாக்கிய பிஸ்டன், வார்த்த பிஸ்டனினும் சூட்டில் மிக விரிவதாதலின், அதற்கு அதிக இடைவெளி விடுதல் வேண்டும். இவ்விடைவெளியோ மில்லிமீற்றரின் நூறிலொரு பங்குகளால் அளக்கப்படுவது. இதனைக் கண்ணாற் காணவோ விரலால் உணரவோ இயலாது, மைக்ரோமீற்றர் வேண்டும். ஆணியை எவ்வளவு முறுக்குவது என்பதற்கும் அளவுண்டு.

நியூசிலாந்தினரான பேட் மன்றோ என்பார் 1920ஆம் ஆண்டு வாங்கிய இந்தியன் மோட்டார்ச் சைக்கிளைத் தம் கொட்டிலிலேயே பல்லாண்டு திருத்தினார். பிஸ்டன்களைத் தாமே வார்த்தார். முதலில் மணிக்கு ஏறத்தாழ 55 மைல் ஓடிய அவ்வண்டி, 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொன்னவில் உப்பு வெளியிலே மணிக்கு 180 மைலுக்கு மேல் ஓடிற்று. உடைந்த உறுப்புகளை அவர் ஒரு தட்டிலே அடுக்கி, வேகத் தெய்வத்திற்கு இட்ட காணிக்கை என எழுதி வைத்தார். அவ்வேகச் சாதனை நிகழ்ந்ததோ ஆளரவமற்ற வெளியில். நம் இளைஞர் ஓட்டுவதோ மாடும் பள்ளிச் சிறாரும் செல்லும் வீதியில். ஈண்டுக் காணிக்கையாவது பிஸ்டன் மட்டுமன்று. தடுப்புக் கருவியைத் திருத்தாமல் வேகத்தை மட்டும் திருத்துவது அறிவுடைமை ஆகாது.

ஆதலின், தடுத்தலும் வேண்டா; கைவிடுதலும் வேண்டா; கற்பித்தலே வேண்டும். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பொறியியற் பீடம் 2012ஆம் ஆண்டு தோன்றிற்று. அதன் வாயிலுக்கும் மீனவரின் திருத்துகொட்டிலுக்கும் இடையே தூரம் சிறிது. இருவகை அறிவுக்கும் இடையே உள்ள தூரமோ பெரிது. அதனைக் குறைத்தல் பாடசாலையிலேயே தொடங்குதல் வேண்டும். உயர்தரத்திற் றொழினுட்பப் பிரிவு 2013ஆம் ஆண்டே புகுத்தப்பட்டது. ஆயினும் பாடநூலைப் படித்தவன் கையிற் கருவி ஏறாவிடிற் பயன் யாது?

விழா நினைவாக வளைவு எழுப்ப எண்ணும் பழைய மாணவர்க்கு நாம் கூறுவது இது. பழைய இயந்திரங்கள் இரண்டு, அளவுகருவிகள் சில, ஊர்த் திருத்துநர் ஒருவர் வாரம் ஒருநாள் வந்து மாணவரோடு நின்று பிரிக்கவும் பூட்டவும் ஒரு கொட்டில்: இவற்றை நல்குக. அத்திருத்துநரை ஆசிரியருக்குரிய மதிப்போடு வரவேற்குக. வளைவு நம் பெயரைத் தாங்கும். கொட்டிலோ நம் பிள்ளைகளின் உயிரையும் ஊரின் தொழிலையும் காக்கும்.